‘பார்டர்’ படத்தில் வரும் லோங்கேவாலா போர் எந்த அளவுக்கு நிஜம்?

கேள்வி இது: 1997-ல் வந்த ‘பார்டர்’ என்ற இந்திப் படத்தை உண்மைக் கதை என்கிறார்களே, நூற்றிச் சொச்சம் பேர் சேர்ந்து இரண்டாயிரம் பேரையும் ஒரு டாங்கிப் படையையும் ராத்திரி முழுக்கத் தடுத்தது நிஜமாகவே நடந்ததா, படத்தில் வருகிற மாதிரி அத்தனை பேரும் செத்தார்களா?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். தடுத்தது நிஜம். செத்தது நிஜமில்லை. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில், ராஜஸ்தான் எல்லையிலுள்ள லோங்கேவாலாவில் இந்தியத் தரப்பில் உயிர் போனது இரண்டே பேருக்கு. படத்திலோ நமக்குப் பிடித்துப்போன ஆட்களை ஒவ்வொருவராகப் பலி கொடுத்துத்தான் க்ளைமாக்ஸுக்கே வருகிறார்கள். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால் படம் எங்கே சரித்திரத்தோடு ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது, ஏன் விலகுகிறது என்பது தானாக விளங்கிவிடும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: ஜே.பி. தத்தா எழுதி, தயாரித்து, இயக்கியது. சன்னி தியோல், ஜாக்கி ஷெராஃப், சுனில் ஷெட்டி, அக்‌ஷய் கன்னா, தபு, பூஜா பட், ராக்கி என்று பெரிய பட்டாளம். ராஜஸ்தான் பாலைவனத்தில், ராணுவமும் விமானப்படையும் உதவிசெய்ய, நிஜ விமானங்கள் பறக்க எடுத்த படம். தத்தாவின் உடன்பிறந்தவர் விமானப்படையில் போர் விமானியாக இருந்து மிக் விபத்தில் இறந்தவர், படமே அவருக்குத்தான் அர்ப்பணம். ஆக, இது வெறும் வசூல் கணக்குப் போட்டு எடுத்த படமல்ல, தத்தாவுக்கு இந்த விஷயத்தில் சொந்தமாக ஒரு வலி இருந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும்.

இனி நடந்தது என்ன என்று பார்ப்போம். 1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்தியத் தளங்களைத் தாக்க, போர் தொடங்குகிறது. கிழக்கே, இன்றைய வங்கதேசத்தில், பாகிஸ்தான் படை முழி பிதுங்கிக்கொண்டிருந்த நேரம். கிழக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் மேற்கில் அடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய கோட்பாடு. இந்திய மண்ணில் கணிசமான ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் பிறகு பேரம் பேசலாம் அல்லவா? அப்படி ஒரு திட்டத்தில்தான் ஜெய்சல்மர் வருகிறது. எல்லையைத் தாண்டி லோங்கேவாலா, அங்கிருந்து ராம்கர், அங்கிருந்து ஜெய்சல்மர். காலைப் பலகாரம் இங்கே, மதியச் சாப்பாடு அங்கே, ராத்திரிச் சாப்பாடு இன்னோர் ஊரில் என்று அவர்கள் கிளம்பியதாக ஒரு பேச்சு இன்றைக்கும் உலவுகிறது, படமும் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது.

இந்தியத் தரப்போ அந்தப் பக்கத்திலிருந்து இப்படியொரு பெரிய தாக்குதல் வரும் என்றே நினைக்கவில்லை. மேஜர் ஜெனரல் கம்பாட்டாவின் 12-ஆவது டிவிஷன் தானே எல்லை தாண்டிப் பாகிஸ்தானின் ரஹீம் யார் கான் நகரத்துப் பக்கம் பாய்வதற்குத் தயாராகிக்கொண்டிருந்தது, படையின் கவனமெல்லாம் அதில். லோங்கேவாலாவில் விட்டு வைத்தது பஞ்சாப் ரெஜிமென்ட்டின் 23-ஆவது பட்டாலியனில் ஒரே ஒரு கம்பெனி. சுமார் 120 பேர். தலைமை மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி. அவருக்கு 31 வயது முடிந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கூடவே எல்லைப் பாதுகாப்புப் படையின் சிறு குழு ஒன்று, அதனிடம் ஒட்டகங்கள். எதிரே வந்தது பாகிஸ்தானின் 51-ஆவது பிரிகேட், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காலாட்படை, நாற்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகள், அவற்றில் பெரும்பாலானவை சீனத் தயாரிப்பான டி-59.

இந்தியக் கம்பெனியிடம் இருந்ததோ இயந்திரத் துப்பாக்கிகள், 81 மி.மீ. மார்ட்டர்கள், தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் லாஞ்சர்கள், அப்புறம் ஜீப்பில் ஏற்றிய 106 மி.மீ. ஆர்.சி.எல். என்ற பின்னுதைப்பில்லாத பெரிய துப்பாக்கி. டாங்கியை நிறுத்துவதற்கு உருப்படியான ஆயுதம் என்றால் கடைசியாகச் சொன்னதுதான். கண்ணிவெடி வயலை முறையாகப் புதைத்து வைக்க நேரமும் இல்லை.

ஆனால் இடம் நல்ல இடம். இதைப் படம் போதுமான அளவுக்குச் சொல்லாது, வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டால்தான் தெரியும். காவல்சாவடி ஒரு மணல் மேட்டின் மேல், சுற்றிலும் புதைமணல் மாதிரி இளகிய மணல். மேலே இருக்கிறவனுக்குக் கீழே வருகிறவன் தெரிவான், கீழே இருக்கிறவன் டாங்கியை வேகமாக மேலே ஏற்ற முடியாது. இந்த மணல்தான் அன்று ராத்திரி பாதி வேலையைச் செய்தது என்றால் மிகையில்லை.

டிசம்பர் 4 இரவு. பௌர்ணமி கழிந்து இரண்டு நாள்தான், நல்ல நிலா. செகண்ட் லெப்டினன்ட் தரம்வீர் தலைமையில் ஒரு ரோந்துக் குழு எல்லைத்தூண் பக்கம் போயிருந்தது. அவர்கள் காதில்தான் முதலில் எஞ்சின் இரைச்சல் விழுந்தது. நள்ளிரவு தாண்டியதும் எல்லைக்கு அப்பாலிருந்து பீரங்கிகள் முழங்கத் தொடங்கின, முதலில் பலியானது மனிதர்கள் அல்ல, எல்லைப் படையின் பத்து ஒட்டகங்களில் ஐந்து. சாந்த்புரி மேலிடத்துக்குத் தகவல் கொடுத்து உதவி கேட்டார். வந்த பதில் அநேகமாக எல்லாரும் அறிந்தது: இருந்து பிடித்துக்கொள், அல்லது ஆட்களை நடத்திக்கொண்டு ராம்கருக்குப் பின்வாங்கு. முடிவு உன்னுடையது.

அவர் இருந்தார். இந்த இடத்தைப் படம் வீர வசனமாக மாற்றிவிடுகிறது, சன்னி தியோல் தொண்டை கிழியக் கத்துகிறார், தியேட்டரில் விசில் பறந்திருக்கும். நிஜத்தில் அது ஆறின தலையோடு எடுத்த முடிவு. வண்டி இல்லை. வெட்ட வெளியில், நிலா வெளிச்சத்தில், மணலில் கால் புதைய நடந்து போகும் 120 பேரை டாங்கிகள் துரத்திப் பிடித்தால் என்ன ஆகும்? மேட்டின் மேல் பதுங்குகுழியில் இருந்தால் குறைந்தபட்சம் ஒரு வாய்ப்பாவது உண்டு. இதனால் அவருடைய துணிச்சல் குறைந்துவிடாது. எனக்கு என்னமோ படத்தில் கத்துகிற மேஜரைவிட இந்தக் கணக்குப் போட்ட மேஜர்தான் பெரிய ஆளாகத் தெரிகிறார்.

இந்தியர்கள் சுடாமல் காத்திருந்தார்கள், டாங்கிகள் மிக நெருக்கத்தில் வரும் வரை. வந்ததும் ஆர்.சி.எல். பேசியது, முன்னால் வந்த டாங்கிகள் எரிந்தன. அவற்றின் மேல் கட்டியிருந்த உபரி டீசல் பீப்பாய்கள் தீப்பிடித்து, மேட்டின் மேல் இருந்தவர்களுக்குச் சுடுவதற்கு வெளிச்சமும் ஆயிற்று, கீழே கிடந்த பாகிஸ்தான் காலாட்படைக்கு மூச்சு முட்டும் புகையும் ஆயிற்று. அந்தக் காலாட்படை முன்னேறி வந்தபோது இருட்டில் ஒரு முள்கம்பி வேலியில் போய் முட்டியது. முள்கம்பி இருந்தால் பின்னால் கண்ணிவெடி இருக்கும் என்பது எந்தப் படைக்கும் பாலபாடம். நின்றார்கள், வெடி அகற்றும் பொறியாளர் பிரிவை வரச் சொன்னார்கள், அவர்கள் வந்து தடவிப் பார்த்து முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. கடைசியில் அங்கே கண்ணிவெடி வயலே இல்லை! விடிவதற்கு முந்தைய அந்த இரண்டு மணி நேரம் இந்தியாவுக்குச் சும்மா கிடைத்த நேரம். திரைக்கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல காட்சி எங்கே கிடைக்கும், ஆனால் படத்தில் இதற்குக் கொடுத்த இடம் குறைவு.

பொழுது விடிந்ததும் ஜெய்சல்மர் தளத்திலிருந்து இந்திய விமானப்படையின் ஹண்டர் போர் விமானங்கள் வந்தன. அங்கே இருந்த ஹண்டர்களே விரல்விட்டு எண்ணிவிடுகிற அளவுக்குத்தான், அதுவும் பயிற்சிப் பிரிவைச் சேர்ந்தவை. ராத்திரியில் தரையில் இருப்பதைப் பார்த்துத் தாக்கும் கருவி எதுவும் அவற்றில் கிடையாது, அதனால்தான் விடியும்வரை காத்திருந்தார்கள். ஜாக்கி ஷெராஃப் விமானத் தளத்தில் கையைப் பிசைந்துகொண்டு கிழக்கு வெளுக்குமா என்று பார்க்கிறாரே, அந்தக் காட்சி படத்தின் மிகை அல்ல, நடந்தது. அவர் நடித்தது விங் கமாண்டர் எம்.எஸ். பாவாவை மனதில் வைத்து எழுதிய பாத்திரம்.

பிறகு நடந்ததைப் போர் என்று சொல்வதைவிட வேட்டை என்று சொல்லலாம். பாகிஸ்தான் படையோடு அதன் விமானப்படை வரவில்லை. மறைய ஒரு மரம் இல்லாத பாலைவனம், எஞ்சின் சூடாகி நின்றவையும் மணலில் சிக்கியவையுமாக டாங்கிகள், மேலே ராக்கெட்டும் 30 மி.மீ. பீரங்கியும் கொண்ட ஹண்டர்கள். மேஜர் ஆத்மா சிங் கிருஷக் என்ற சின்ன விமானத்தில் பறந்து இலக்குகளைக் காட்டிக்கொண்டிருந்தார். ஹண்டரின் கேமராவில் பதிவான படம் ஒன்று பிரபலம்: ஒரு டாங்கி தப்பிப்பதற்காக மணலில் வட்டம் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடிய தடம், ஒரு கோலம் மாதிரி. மறுநாளும் இது தொடர்ந்தது. பிறகு இந்தியாவின் 20 லான்சர்ஸ் டாங்கிப் படையும் ராஜ்புதானா ரைஃபிள்ஸ் காலாட்படையும் வந்து சேர, வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். இந்தியக் கணக்கில் பாகிஸ்தான் இழந்தது 36 டாங்கிகள், 500-க்கும் மேற்பட்ட வண்டிகள், சுமார் 200 பேர். சாந்த்புரிக்கு மகா வீர் சக்ரா, போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருது.

பாகிஸ்தான் அந்தத் திட்டத்தைப் பிற்பாடு எப்படிப் பார்த்தது என்பதும் முக்கியம். தோல்விக்கான காரணங்களை விசாரிக்க அவர்களே அமைத்த ஹமூதுர் ரஹ்மான் கமிஷன், இந்தத் தாக்குதலுக்குப் பொறுப்பான 18-ஆவது டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் முஸ்தபாவை விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்றது. ராம்கரைப் பிடிப்பதற்கான அவருடைய திட்டம் ராணுவ ரீதியில் சரியில்லாதது, ஏனோதானோவென்று போட்டது, பாலைவனத்தில் ஏராளமான வண்டிகளும் தளவாடங்களும் நாசமானதற்கு அதுவே காரணம் என்பது கமிஷனின் முடிவு. அதாவது எதிரி பெரிய படையாக வந்தான், ஆனால் தயாரிப்பில்லாமல் வந்தான். படத்தில் பாகிஸ்தான் அதிகாரிகள் கொக்கரிக்கவும் கடைசியில் பதறவும் மட்டுமே வருகிறார்கள். எதிரியின் தவறு என்ன என்பதைக் காட்டியிருந்தால் கதைக்கு இன்னும் கனம் கூடியிருக்கும் என்பது என் எண்ணம், ஆனால் தொண்ணூறுகளின் இந்திப் படத்தில் அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகப்படிதான்.

சரி, இப்போது சாவுக்கு வருவோம்.

எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் பைரோன் சிங்காக வருவது சுனில் ஷெட்டி. பாலைவனத்து மண்ணின் மைந்தன், புதிதாகக் கல்யாணமானவன், கடைசியில் டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடியைக் கையில் எடுத்துக்கொண்டு டாங்கியோடு சேர்ந்து தானும் சிதறுகிறான். நிஜ பைரோன் சிங் ராத்தோர்? அந்த ராத்திரி இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சண்டை போட்டு, உயிரோடு ஊர் திரும்பி, 1972-ல் சேனா பதக்கம் வாங்கி, 1987-ல் ஓய்வு பெற்று, படம் வந்ததற்குப் பிறகும் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 2022 டிசம்பரில் ஜோத்பூர் எய்ம்ஸில் காலமானார். அப்போது வயது 81. செய்தி வந்த அன்றைக்குத்தான் வட இந்தியாவிலேயே பல பேருக்கு அவர் அதுவரை உயிரோடு இருந்தது தெரிந்தது. நாடு முழுக்கத் தன்னை இறந்துபோன தியாகியாக நினைத்துக்கொண்டிருக்க, மனிதர் தன் ஊரில் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார். பெயரைக்கூட மாற்றாமல் ஒரு மனிதனைத் திரையில் கொன்றதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை, கற்பனைப் பெயர் வைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அக்‌ஷய் கன்னா நடித்த தரம்வீர் விஷயமும் அதேதான். படத்தில் முதலில் ஆளைச் சுடவே கை நடுங்குகிற இளம் அதிகாரி, பார்வையில்லாத அம்மா, ஊரில் காத்திருக்கும் பெண், கடைசியில் வீர மரணம். அன்று டாங்கிச் சத்தத்தை முதலில் கேட்டுச் சொன்ன நிஜ தரம்வீர் போரில் சாகவில்லை, தொடர்ந்து ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றார். மேஜர் சாந்த்புரி மட்டும்தான் படத்திலும் பிழைக்கிறார், நிஜத்தில் பிரிகேடியராக ஓய்வு பெற்று 2018 நவம்பரில் மொஹாலியில் காலமானார்.

அப்புறம் அந்தக் கைகலப்பு. படத்தின் கடைசிப் பகுதியில் இந்திய வீரர்கள் மேட்டை விட்டு இறங்கி ஓடுகிறார்கள், கத்தியால் குத்துகிறார்கள், சன்னி தியோல் டாங்கிகளுக்கு நேராக நிற்கிறார். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தோற்றிருப்பார்கள். லோங்கேவாலாவின் ரகசியமே மேட்டை விட்டு இறங்காமல் இருந்ததுதான். குண்டுகளை அளந்து செலவழித்து, எதிரி நெருங்கும்வரை விரலை அடக்கி, விடியும்வரை நேரத்தை ஓட்டினார்கள். இதுதான் போர். ஆனால் ஆறு மணி நேரம் குழிக்குள் உட்கார்ந்து காத்திருக்கிற கதாநாயகனை வைத்து இந்தியில் மசாலாப் படம் எடுக்க முடியுமா? பாய வேண்டும், ரத்தம் சிந்த வேண்டும், பாடையில் போக வேண்டும். நம் ஊர் சினிமாவையும் சேர்த்தே சொல்கிறேன், தேசபக்தியின் அளவை எத்தனை பேர் செத்தார்கள் என்பதை வைத்தே எடை போடப் பழகிவிட்டோம். ஒரு கம்பெனித் தளபதி 120 பேரை வைத்துக்கொண்டு ஒரு பிரிகேடைத் தடுத்து, இரண்டே பேரை இழந்து, மற்ற அத்தனை பேரையும் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பினார் என்றால் அதைவிடப் பெரிய சாதனை என்ன? அதைக் காட்டாமல் விட்டதுதான் இந்தப் படத்தின் மேல் எனக்குள்ள ஒரே பெரிய வருத்தம். மற்றதெல்லாம் சில்லறை.

வெற்றி யாருக்குச் சொந்தம் என்ற சண்டையும் இதில் உண்டு, அதைத் தொடாமல் பதில் முழுமையாகாது. படம் தொண்ணூறு சதவீதப் பெருமையைக் காலாட்படைக்குக் கொடுத்துவிட்டு விமானங்களைக் கடைசியில் வந்து காப்பாற்றும் கூட்டமாகக் காட்டுகிறது. விமானப்படைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 2008 வாக்கில் பாவாவும் ஆத்மா சிங்கும், லோங்கேவாலாவை வென்றது ஹண்டர்கள்தான், தரையில் நடந்ததாகச் சொல்லப்படுவது மிகைப்படுத்தல் என்று வெளிப்படையாகவே சொல்ல, சாந்த்புரி நீதிமன்றத்துக்குப் போனார். அவர் கேட்ட நஷ்டஈடு ஒரு ரூபாய். டாங்கிகளை அழித்ததில் பெரும் பங்கு விமானங்களுடையது என்பதை மறுக்க முடியாது, எரிந்து கிடந்தவற்றின் எண்ணிக்கையும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கம்பெனி ராத்திரியே கிளம்பிப் போயிருந்தால் விடியும்போது டாங்கிகள் ராம்கர் சாலையில் அல்லவா இருந்திருக்கும்? காலையில் ஹண்டர் விமானிகளுக்கு இலக்குகள் ஒரே இடத்தில் திரண்டு கிடைத்ததற்குக் காரணமே மேலே இருந்த அந்த 120 பேர். ஒருத்தர் கட்டிப் போட்டார், இன்னொருத்தர் அடித்தார். இதில் போய் யார் பெரியவர் என்று அடித்துக்கொண்டார்கள், வயதான காலத்தில்.

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன் என்று நினைக்க வேண்டாம். போர்க் காட்சிகளைவிட அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில்தான் இந்தப் படம் உண்மையாக இருக்கிறது. லீவு மறுக்கப்பட்டுப் பொருமும் வீரன், உடம்பு சரியில்லாத மனைவி, எல்லையில் இருக்கிறவனுக்கு வேறு இடத்துக்கு மாற்றல் வாங்கச் சொல்லி மன்றாடும் தபு, சமையல்காரராக வரும் குல்பூஷண் கர்பந்தாவின் சலிப்பு. ‘சந்தேஸே ஆதே ஹை’ பாட்டு பத்து நிமிஷத்துக்கும் மேல் ஓடுகிறது, ரூப்குமார் ராத்தோடும் சோனு நிகமும் பாடியது. இந்தியே தெரியாதவர்கள்கூடத் தலையாட்டுகிற பாட்டு. அதில் ஒரு துப்பாக்கிச் சத்தம்கூடக் கிடையாது, வீட்டிலிருந்து வரும் கடிதம், எப்போது வருவாய் என்ற கேள்வி, அவ்வளவுதான். கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரிக்குக் கடிதம் எழுதிய குடும்பங்கள் வேலூர்ப் பக்கத்துப் பட்டாளத்து ஊர்களில் இன்னும் இருக்கின்றன, அவர்களுக்கு இந்தப் பாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை. குண்டு விழுந்து எரியும் வீட்டுக்குள் ஓடி, ஒரு முஸ்லிம் குடும்பத்தின் குர்ஆனை மேஜர் எடுத்து வந்து கொடுக்கும் காட்சியும் இருக்கிறது. கொஞ்சம் நாடகத்தனம்தான். ஆனாலும் எதிரி நாட்டைத் திட்டுகிற அதே மூச்சில் சொந்த நாட்டு மக்களை இரண்டாகப் பிரிக்கவில்லை பாருங்கள், அதைக் குறித்து வைக்க வேண்டும். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது.

படத்தின் கதையோடு சேராத, ஆனால் படத்தின் பெயரோடு என்றைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்ட ஒரு துயரமும் உண்டு. 1997 ஜூன் 13, படம் வெளியான அதே நாள். தெற்கு டெல்லியில் கிரீன் பார்க்கில் உள்ள உபஹார் தியேட்டரில் பிற்பகல் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரில் தீப்பிடித்து, புகை மேலே பால்கனிக்குள் ஏறியது. வெளியேறும் வழி கூடுதல் இருக்கைகளால் அடைபட்டிருந்தது, கதவுகள் திறக்கவில்லை. 59 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சுத் திணறி. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். வழக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் நடந்தது. லோங்கேவாலாவில் நிஜமாக இறந்த இந்திய வீரர்களைவிட அதைப் படமாகப் பார்க்கப் போய் இறந்தவர்கள் எத்தனையோ மடங்கு அதிகம். இதை எழுதும்போதே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

தத்தா பிறகும் போர்ப் படங்கள் எடுத்தார், 2003-ல் கார்கில், 2018-ல் சீனாவுடன் 1967-ல் நடந்த நாது லா மோதல். இரண்டிலும் அதே பாணி, பெரிய நடிகர் பட்டாளம், வீட்டு நினைப்பு, வரிசையாக வீர மரணம். ‘பார்டர்’ மாதிரி எதுவும் எடுபடவில்லை. கார்கிலிலாவது நூற்றுக்கணக்கானோர் நிஜமாகவே இறந்தார்கள், அந்தச் சாவுகளைக் காட்டியதில் தப்பில்லை. 2010-க்குப் பிறகு வந்த இந்திப் போர்ப் படங்கள் வேறு மாதிரி, தொழில்நுட்பம் பளபளக்கிறது, வீரர்கள் ஜிம் உடம்போடு பஞ்ச் வசனம் பேசுகிறார்கள், கடிதம் வருகிற இடம் காணாமல் போய்விட்டது. அவற்றோடு ஒப்பிட்டால் ‘பார்டர்’ எவ்வளவோ மேல் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆக, பார்க்கலாமா என்றால் தாராளமாகப் பாருங்கள், ஏறக்குறைய மூன்று மணி நேரம். சரித்திரம் வேண்டுமானால் இதை மட்டும் நம்பாதீர்கள். ராஜஸ்தான் பக்கம் போனால் லோங்கேவாலாவுக்கே போகலாம், அன்று கைப்பற்றிய டாங்கிகளைப் போர் நினைவிடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஜெய்சல்மர் நகருக்கு வெளியே ராணுவம் நடத்தும் அருங்காட்சியகமும் இருக்கிறது. மணலில் நாலு அடி நடந்து பாருங்கள், டாங்கி ஏன் சிக்கியது என்பது ஷூவுக்குள் மணல் ஏறும்போதே தெரிந்துவிடும். வழியில் இருக்கும் தனோட் மாதா கோயிலையும் படத்தில் பார்த்திருப்பீர்கள், விழுந்தும் வெடிக்காத குண்டுகளை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், கோயிலைப் பராமரிப்பது எல்லைப் பாதுகாப்புப் படை.

வீட்டில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள், சண்டை முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். பிணங்கள் கிடக்கும் அந்த மணல்வெளியின் மேல் ஒரு பாட்டு வரும், ‘மேரே துஷ்மன் மேரே பாய்’, என் எதிரியே என் சகோதரனே என்று தொடங்குவது. எழுதியவர் ஜாவேத் அக்தர், பாடியவர் நம் ஹரிஹரன், அதற்காக அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது கிடைத்தது. ஜாவேதும் இந்தப் படத்துக்காகவே பாடலாசிரியர் விருது வாங்கினார். மூன்று மணி நேரம் எதிரியை அடித்து நொறுக்கிவிட்டு, கடைசி ஐந்து நிமிஷத்தில் இந்த அடிதடியெல்லாம் எதற்கு என்று கேட்கிற துணிச்சல் தத்தாவுக்கு இருந்தது. பாதிப் பேர் அதற்குள் வண்டியை எடுக்கக் கிளம்பிவிட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.